எழுதாத பக்கத்தில் போட்ட கையெழுத்து

பூந்தமல்லி,
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு.

அன்பு மகள் மஹ்ஜபீனுக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். மஸ்கட்டில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே நாங்கள் எழுந்து நடமாடுகிறோம், வேளைக்குச் சாப்பிடுகிறோம், அதற்கு மேல் நலம் என்று எழுதப் பேனா ஓடவில்லை. போனில் சொல்லக் கூடாதா என்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் சரிம்மா விடும்மா என்று நீ வைத்துவிடுவாய், அதனால்தான் மூன்று நாளாக உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்துத் தெரு பாசித் ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறுகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். முதலில், பள்ளிக்கூடத்தை மூடுகிறோம் என்று சொன்ன அன்றைக்கு அந்த அறையில் யார் யார் இருந்தார்கள் என்று எழுதிவிடுகிறேன், நாளைக்கு ஒருத்தரும் நான் அங்கே இல்லையே என்று சொல்லக் கூடாது. தலைமை ஆசிரியை எழிலரசி டீச்சர். கல்வி ஆபீசிலிருந்து வந்த அரவிந்தன் சார். வார்டு மெம்பர் சுப்பராயன். அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனி கேன்டீனில் சமைக்கிற கண்ணம்மா, பையனுக்காக ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தாள். நான். வாசற்படியில் பையை மார்போடு கட்டிக்கொண்டு உன் மகள் சைமா. அவ்வளவு பேர்தான். உன் அண்ணன் ராஷித் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை, அதையும் எழுதி வைக்கிறேன்.

போன முறை நீ வந்தபோது பார்த்தாயே, பள்ளிக்கூடத்தில் இரண்டு அறைகளை இடித்துப் போட்டிருந்தார்கள். கூரை பெயர்ந்து விழுந்தது, இடித்தார்கள், அதில் நான் குற்றம் சொல்லமாட்டேன். ஆறே மாதத்தில் புதுக் கட்டடம் என்று சுப்பராயன் பூஜை போட்டு ஒரு செங்கல்லும் வைத்தார், இப்போது அந்த இடத்தில் எருக்கஞ்செடி என் இடுப்பு உயரம் நிற்கிறது. ஆறாவது, ஏழாவது, எட்டாவது மூன்றும் ஒரே அறையில் மூன்று பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து படித்தார்கள். சைமா கணக்குப் போடும்போது காதில் எட்டாவதின் வரலாறு விழும், மழை வந்தால் எல்லோருக்கும் லீவு. முடிந்தவர்கள் பிள்ளைகளைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிட்டார்கள், வருஷா வருஷம் பிள்ளைகள் குறைந்தார்கள். கட்டடம் எங்கே என்று டீச்சரைக் கேட்டால் ஆபீசில் கேளுங்கள் என்பார், ஆபீசில் கேட்டால் நிதி ஒதுக்கவில்லை, மாவட்டத்தில் கேளுங்கள் என்பார்கள், அங்கே போனால் கோட்டையிலிருந்து வர வேண்டும் என்றார்கள், கோட்டையில் என்னை யார் உள்ளே விடுவார்கள். உனக்குத்தான் தெரியுமே, நான் ஒருத்தர் மேல் கோபம் வைத்தால் வைத்ததுதான், உன் கல்யாணத்தன்று பிரியாணி தேக்சாவைத் திறந்து பார்த்து உப்புக் கம்மி என்று சொன்னாளே உன் மாமியாரின் தங்கை, அவளோடு இன்றைக்கு வரைக்கும் நான் பேசவில்லை. அப்படிப்பட்ட எனக்கு இந்த விஷயத்தில் கோபம் வைக்க ஒரு பெயர் கிடைக்கவில்லை. எல்லோரும் விரலை மேலே காட்டினார்கள், மேலே பார்த்தால் ஃபேன்தான் சுற்றியது.

இப்போது என் தப்பை எழுதுகிறேன். ஜூன் மாதம் பள்ளி மேலாண்மைக் குழு என்று கூட்டம் போட்டார்கள் அல்லவா, தாய்க்காரியான நீ ஊரில் இல்லாததால் வளர்க்கிறவள் என்று என்னைத் தலைவியாகப் போட்டார்கள், நான் பெருமையாக உனக்குப் போன் செய்தேன், நீயும் சிரித்தாய். மாதாமாதம் கூட்டம் நடத்தித் தீர்மானம் எழுதிப் போட்டோ பிடித்து மேலே அனுப்ப வேண்டுமாம். கூட்டத்துக்கு வருகிற பெண்கள் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள், ஒரு நாள் விட்டால் ஒரு நாள் கூலி போச்சு. அதனால் நம் பள்ளிக்கூடத்தில் ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள், வருஷ ஆரம்பத்திலேயே நோட்டில் எல்லாப் பக்கத்திலும் கீழே கையெழுத்து வாங்கிவிடுவது, மேலே டீச்சர் அந்தந்த மாதம் குடிதண்ணீர், சத்துணவு, வருகை என்று எழுதிக்கொள்வார். டீயும் போண்டாவும் கொடுத்தார்கள். நீங்க போடுங்கம்மா, நான் பார்த்து எழுதிக்கிறேன், உங்களுக்கு எதுக்கு மாசாமாசம் அலைச்சல் என்றார் டீச்சர், நல்லதுக்குத்தான் சொன்னார். பன்னிரண்டு வெற்றுப் பக்கத்தில் ஷரீஃபுன்னிசா ஷரீஃபுன்னிசா என்று முழுப் பெயரையும் போட்டேன். கண்ணம்மா ஒரு கிறுக்கலாகக் கிறுக்கினாள், முழுசாப் போடுடி, நம்ம பேரு நாலு பேருக்குத் தெரியட்டும் என்று அவளைத் திட்டினேன். அதில் ஏதாவது எழுதியிருந்தால் எழுத்துக் கூட்டியாவது படித்திருப்பேன். ஒன்றும் எழுதாத தாளில் என்னத்தைப் படிப்பது.

அன்றைக்கு அரவிந்தன் சார் வந்து உட்கார்ந்து, இந்தப் பள்ளியை பைபாஸ் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய பள்ளியோடு சேர்க்கிறோம், வருகிற திங்கட்கிழமையிலிருந்து பிள்ளைகள் அங்கே போகலாம், லேப் இருக்கிறது, கம்ப்யூட்டர் இருக்கிறது என்றார். கண்ணம்மாவுக்கு வந்ததே கோபம். இன்னா சார், ஊடு காலி பண்ற மாதிரி பள்ளிக்கூடத்த தூக்கினு போறீங்க, அந்த ரோட்ட நீ ஒரு தபா நடந்து தாண்டிக் காட்டு, லாரிக்காரன் உன்ன வுட்டான்னா எம்புள்ளய நான் அனுப்பறேன் என்றாள். சுப்பராயன், ஏம்மா ஆபீசர்கிட்ட மரியாதையா பேசு என்றார். உனக்கு இன்னா அண்ணாத்தே, உன் பேரன் ஏசி வேன்ல போறான் என்றாள். நான் அதட்டவில்லை, அழவில்லை, ஒன்றே ஒன்று கேட்டேன். சார், மூடணும்னு முடிவு பண்ணது யாரு, பேர மட்டும் சொல்லுங்க என்றேன். மேலிடத்து உத்தரவும்மா என்றார். மேலிடத்துக்குப் பேர் இருக்குமே என்றேன். அவர் கொண்டுவந்திருந்த காகிதக் கட்டைப் பிரித்து, எங்கள் தீர்மான நோட்டின் ஒரு பக்கத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். நீங்கதாம்மா என்றார். கண்ணாடியைப் போட்டு விரல் வைத்துப் படித்தேன். போதிய கட்டட வசதி இல்லாத காரணத்தால் பெற்றோர்களாகிய நாங்கள் மனமுவந்து எங்கள் பள்ளியை இணைத்திடக் கேட்டுக்கொள்கிறோம் என்று டீச்சரின் முத்து முத்தான எழுத்து. கீழே என் முழுப் பெயர். பெற்றோரே கேக்கும்போது கவர்மென்ட் என்னம்மா பண்ணும் என்றார் அந்த மனுஷன். கட்டடம் கட்டாதது யார் என்று கேட்டால் பெயர் இல்லை, கட்டடம் இல்லை என்று மூடச் சொன்னது யார் என்றால் என் பெயர் இருக்கிறது. நான் எழிலரசி டீச்சரைப் பார்த்தேன், அவர் மேஜை விரிப்பைச் சரி செய்துகொண்டிருந்தார். படியிலிருந்து சைமா, நன்னிமா நீயா எழுதிக் குடுத்த என்று கேட்டாள்.

திங்கட்கிழமை நானே அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். பாலம் இல்லை, போலீஸ் இல்லை, நடுவில் இருக்கிற கட்டைச் சுவர் உடைந்த இடத்தில்தான் எல்லோரும் தாண்டுகிறார்கள், அவள் என் கையைப் பிடித்தாளா நான் அவள் கையைப் பிடித்தேனா தெரியாது. மூன்று நாள் போனேன். நாலாம் நாள் காலையில் முட்டி மடங்கவில்லை. ராஷித் வண்டியில் விடட்டும் என்றால், எனக்கு ஏழு மணிக்கு ஷிஃப்டு, எட்டாவது வரைக்கும் படிச்சி இன்னா ஆவப்போகுது, ஊட்லயே இருக்கட்டும், அடுத்த வருஷம் பாக்கலாம் என்கிறான். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லித்தான் என்னை ஐந்தாவதோடு நிறுத்தினார்கள், அந்த அடுத்த வருஷம் இன்னும் வரவில்லை. சைமா வீட்டில் இருந்து இன்றைக்கு இருபத்திரண்டு நாள். முதல் வாரம் பையைத் தயார் செய்து வைத்தாள், இப்போது அதுவும் இல்லை, சொல்லாமலே பாத்திரம் கழுவுகிறாள், எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. கண்ணம்மா பையனை ஆவடியில் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டாள்.

நான் சும்மா இருக்கவில்லை. வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள், அந்தத் தீர்மானம் எங்களுடையது அல்ல, ரத்து செய்யுங்கள் என்று என் கையாலேயே மனு எழுதி ரிஜிஸ்டர் தபாலில் போட்டேன். அது என்ன ஆனது தெரியுமா. மனு ஆபீசுக்குப் போய், அங்கிருந்து விசாரித்து நடவடிக்கை எடுக்கவும் என்று முத்திரை குத்தி எழிலரசி டீச்சர் கைக்கே வந்திருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை டீச்சர் நம் வீட்டுக்கு வந்தார். நாற்காலி போட்டேன், டீ கொடுத்தேன். உட்கார்ந்ததும் அழுதார். போன் மேல போன்மா, சாயங்காலத்துக்குள்ள தீர்மானம் வேணும்னாங்க, இல்லன்னா கும்மிடிப்பூண்டிக்குத் தூக்கிடுவேன்னாங்க, வீட்ல மாமனார் படுத்த படுக்கையா இருக்காரு, நான் என்ன பண்ணுவேன் என்றார். பொய் இல்லை, நான் நம்பினேன். அவர் தோளில் கைகூட வைத்தேன், மஹ்ஜபீன், உன்மேல் ஆணை, அந்த நிமிஷம் என் மனசு இறங்கித்தான் போயிருந்தது. அப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். மனுதாரரின் குறை தீர்க்கப்பட்டது, மனுதாரர் திருப்தி தெரிவித்தார் என்று எழுதியிருந்தது. இங்க ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்கம்மா, சும்மா ஃபார்மாலிட்டிதான் என்றார். உள்ளே சைமா பாத்திரம் கழுவுகிற சத்தம் எனக்கும் கேட்டது, அவருக்கும் கேட்டது. நான் பேனாவை வாங்கி மூடிவைத்துவிட்டு, டீ ஆறிடும், குடிச்சிட்டுக் கெளம்புங்க என்றேன்.

நீ அங்கே அழுதுகொண்டு நிற்காதே, உன் வேலையைப் பார், வெயிலில் தலைக்குத் துணி இல்லாமல் வெளியே போகாதே. ராஷிதுக்கு நீ போன் செய், நான் சொன்னால் அம்மா பேச்சு என்று தள்ளுகிறான், நீ சொன்னால் வெட்கப்படுவான். ஷிஃப்டுக்குப் போகிற வழியில் ஆறரைக்கே கொண்டுபோய் விடட்டும், அந்தப் பள்ளி வாட்ச்மேனிடம் பேசிவிட்டேன், மணி அடிக்கும் வரை கேட்டுக்கு உள்ளே உட்கார்ந்துகொள்ளலாம் என்கிறார். சாயங்காலத்துக்கு நான் மெதுவாக நடந்து போய் அழைத்து வருகிறேன், முட்டி என்னுடையது, நான் பார்த்துக்கொள்கிறேன். சைமா போனில் பேசும்போது, போனது போகட்டும் நன்னிமாவுக்கு உதவியாக இரு என்று மட்டும் தப்பித் தவறியும் சொல்லிவிடாதே. அல்லாஹ் உன் கைகால்களுக்குச் சுகத்தையும் உன் மகளுக்குப் படிப்பையும் கொடுக்கட்டும். பாசித் வந்ததும் கடிதம் கிடைத்தது என்று ஒரு வார்த்தை சொல்.

என்றும் உன் நினைவாக இருக்கும் அம்மா,
ஷரீஃபுன்னிசா.

உனக்கு துஆ கேட்ட வரிக்குப் பக்கத்தில் இந்தப் பெயரை எழுத மனம் வரவில்லை, அதனால் கையெழுத்துக்குக் கீழே எழுதுகிறேன். அரவிந்தன் சாருக்கு அன்றைக்கு வரைக்கும் எங்கள் முகமே தெரியாது, அவரை விட்டுவிட்டேன். சுப்பராயனைத் தேர்தல் வரும்போது பார்த்துக்கொள்கிறேன். என்னையும் ஒரு நாள் மன்னித்துக்கொள்வேன், நான் ஐந்தாவது படித்தவள், வெற்றுத் தாள் என்று நினைத்துப் போட்டேன். சைமாவின் எழுத்தைப் பார்த்து இவ பெரிய படிப்பு படிப்பாம்மா என்று என்னிடமே சொல்லிவிட்டு, எதை எழுதுகிறோம் என்று தெரிந்தே முதல் தாளை நிரப்பி, அந்தப் பிள்ளை வீட்டில் இருப்பது தெரிந்தே இரண்டாவது தாளையும் நீட்டியவளை மட்டும் மறுமை நாளில் கேட்டாலும் மன்னிக்கமாட்டேன். எழிலரசி.