அச்சில் விழாத சாரல்

சேசு மரி சூசை துணை

தேவாரம்,
18 ஜூலை 1985

என் அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் மனைவி ரோசம்மாள் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அம்மாவும் ஓரளவு சுகம். உங்கள் சுகத்தை உங்கள் கையெழுத்தில் படித்துத்தான் நாளாகிவிட்டது.

போன வாரம் வந்த கடிதத்தில் பெயர் உங்களுடையது, எழுத்து வேறு யாருடையதோ. வேலை அதிகம், அதனால் கூட இருப்பவரை எழுதச் சொல்லியிருக்கிறார் என்று அத்தையிடம் சொல்லிவைத்தேன். மெட்ராஸிலிருந்து வந்த படக்கட்டைப் பிரிக்காமல் அடுப்பில் வைத்துவிடு என்று அதில் இருந்தது. எழுதியது யாராக இருந்தாலும் சொன்னது நீங்கள்தான். இந்த வீம்பு வேறு யாருக்கு வரும்?

இங்கே சாரல் பிடித்துக்கொண்டது. மேற்கே மலையே தெரியவில்லை. பின்சுவர் ஊறி ஒரு பக்கம் சரிந்துவிட்டது. அத்தைக்கு இருமல் விட்டபாடில்லை. விறகு எல்லாம் நனைந்துபோய், புகைகிறதே தவிர எரியவில்லை. அத்தைக்கு வெந்நீர் வைத்தாக வேண்டும். சரி, புருஷன் பேச்சைத் தட்டுவானேன் என்று பரணிலிருந்து அந்தப் படக்கட்டை இறக்கினேன். உங்கள் காமிக்ஸ் கம்பெனியைப் பூட்டியபோது லாரியில் போட்டுவிட்ட கட்டு அது. கயிறுகூட அவிழ்க்காமல் கிடந்தது.

நீங்கள் வரைந்தது மெட்ராஸில், நான் இருந்தது இங்கே. உங்கள் சாரல் வீரனை நான் புத்தகத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். சாணித்தாளில், வெறும் வெள்ளையில் தொங்குகிற ஒரு ஆள். அவனுடைய கறுப்பு மேலங்கி முழுக்க வரி வரியாக இருக்கும். சாரல் விழுகிற இடத்தில்தான் அவனுக்குப் பலம் என்று கதையில் போட்டிருக்கும், படத்தில் ஒரு சொட்டு மழை இருக்காது. டீக்கடையில் அவனுக்கு வரிக்குதிரை என்று பெயர் வைத்தார்கள். நான் தண்ணீருக்குப் போனால், வரிக்குதிரை வீட்டம்மா வர்றாக, வழி விடுங்க என்பார்கள். உங்கள் முதலாளியோ, உன் பேனாவுக்கு வலு இல்லை, மழை அச்சில் நிற்க மாட்டேன் என்கிறது என்றாராம். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, பேனாவை வைத்துவிட்டுப் பம்பாய்க்குத் தகரம் வெட்டுகிற மிஷின் வேலைக்குப் போனீர்கள்.

முதல் தாளை உருவி அடுப்பு முன்னால் பிடித்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

தாள் முழுக்கச் சாரல், அத்தான்.

புத்தகத்தைப் போல இரண்டு மடங்கு பெரிய தாள், கெட்டியான அட்டை. மேற்கிலிருந்து சாய்ந்து விழுகிற நம் ஊர்ச் சாரல், அதே சாய்மானம். தலைமுடி கனம்தான் ஒவ்வொரு கோடும், ஆனால் ஒன்றுகூட இன்னொன்றை முட்டவில்லை. தூரத்தில் நெருக்கமாகவும் கிட்டே வர வர விலகியும் விழுகிறது. சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒரு கிழவி ஓடுகிறாளே, அவள் முதுகில் மட்டும் கோடு தெறித்துப் புள்ளியாகிறது. மை அப்பிய இடம் இன்னும் பளபளக்கிறது. பிரஷ் போன தடம் விரலில் தட்டுப்படுகிறது. முகத்திலும் கட்டடத்திலும் வெள்ளை வைத்துத் திருத்தியிருக்கிறீர்கள். மழையில் திருத்தமே இல்லை, எல்லாம் ஒரே இழுப்பு. அவன் எங்கேயும் தொங்கவில்லை. சாரலைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுகிறான். இத்தனை நாள் எங்களுக்கு யாருக்கும் தெரியாமல் போய்விட்டதே என்று அழுதுவிட்டேன்.

வைகை அணை மதகின் மேல் அவன் தனியாக நிற்கிற படத்தை அத்தையிடம் காட்டினேன். பார்வைதான் மங்கிவிட்டதே, தாளைக் கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்த்தார்கள். அங்கன ஒருத்தன் நனைஞ்சுகிட்டு நிக்கிறானே, உள்ள கூப்பிடு ஆத்தா என்றார்கள்.

தேனி பிரஸ்ஸில் இருக்கிற என் தம்பி ஞானதுரை வந்தபோது, புத்தகத்தையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மழை எங்கேடா போச்சு என்று கேட்டேன். அச்சடிக்கிற பிளாக் செய்யும் முன் படத்தை ஃபிலிமில் பிடிப்பார்களாம். அதில் வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் விழுமாம். கறுத்த ஃபிலிமில் மெல்லிசாக வெள்ளைக்கோடு தெரிந்தால் அதைக் கீறல் என்று மை தொட்டு அடைப்பது வழக்கமாம். உங்கள் சாரலைப் பூராவும் கீறல் என்று ஒருவன் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடைத்திருக்கிறான். கறுப்பு மேலங்கியில் நீங்கள் வெள்ளையில் போட்ட மழை ஃபிலிமில் கறுப்பாக விழுந்ததால் அது மட்டும் தப்பித்திருக்கிறது. அதைத்தான் ஊர் வரிக்குதிரை என்றது. உங்கள் கோட்டில் ஒரு குறையும் இல்லை.

இதை அன்றைக்கே எழுதப் பேனாவை எடுத்தேன். மறுநாள், உங்கள் ரூமிலேயே இருக்கிற சுயம்புலிங்கம் லீவில் வந்தவன் வீட்டுக்கு வந்தான். நல்லா இருக்காக அக்கா, ஒரு குறையும் இல்லை என்றான். வேளைக்குச் சாப்பிடுகிறாரா என்று கேட்டேன். சாப்புடுறாக, இப்பக் கரண்டி பழகிருச்சு என்றான். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். நான் கூப்பிட்டு எதுவும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவானோ என்று பயமாக இருந்தது. குழம்பு விரலிடுக்கில் வழிய வழியப் பிசைந்து சாப்பிடுகிறவர் நீங்கள்.

அதற்குப் பிறகு எனக்கு எழுதவே ஓடவில்லை. உங்கள் கோடு சரி என்று இந்த நேரத்தில் சொல்வது ஆறுதலா, வெந்த புண்ணில் வேலா? சொல்லாமல் பொத்தி வைத்தால் கடைசி வரைக்கும் உங்கள் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டு இருப்பீர்கள். அந்தக் கை ஒரு தப்பும் செய்யவில்லை. அது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதிவிட்டேன்.

ஒரு தாளையும் எரிக்கவில்லை. பக்கத்தில் பூமாரி வீட்டில் காய்ந்த தென்னைமட்டை வாங்கி வெந்நீர் வைத்தேன். படங்களை என் கல்யாணச் சேலையில் சுற்றித் தகரப்பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். கோபப்படுவதானால் நேரில் வந்து கோபப்படுங்கள். எப்படி இருக்கிறீர்களோ அப்படியே வாருங்கள். பிசைந்து ஊட்ட எனக்கு இரண்டு கை இருக்கிறது.

தேவமாதா உங்களை விட்டு விலகாமல் இருக்கட்டும். இதற்குள் நம் வீட்டு விலாசம் எழுதிய கார்டு ஒன்று வைத்திருக்கிறேன். இந்தத் தடவை யாரிடமும் சொல்லி எழுத வேண்டாம். எழுத்தே வேண்டாம். எந்தக் கையால் முடியுமோ அந்தக் கையால் ஒரு கோடு மட்டும் இழுத்துத் தபாலில் போடுங்கள். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. சாரல் என்று நான் தெரிந்துகொள்வேன்.

உங்கள்
ரோசம்மாள்