செவெல் இந்த வீட்டை விட்டுப் போகட்டும்

பிப்ரவரி 26, புதன்

இன்றும் பனி. பக்கத்து வீட்டு ரூடி தன் மெஷினால் என் வாசல் பனியையும் சேர்த்துத் தள்ளிவிட்டுப் போனான். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கூப்பிட்டு ஒரு காபியாவது கொடுத்திருக்கலாம். எழுந்திருக்கத் தோன்றவில்லை. மதியம் டின் சூப், சூடுகூடப் பண்ணவில்லை. என் மனைவி பெர்னடீன் நவம்பரில் போய்ச் சேர்ந்தாள். இன்னும் அவள் பக்கத்துத் தலையணையைத் தட்டிப் போடுகிறேன். யாருக்கு?

மார்ச் 2, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. ஷெட்டுக்குப் போனேன். செவெல் கார் மேல் போட்டிருந்த போர்வையை எடுத்தேன். எழுபதாம் வருஷத்து வண்டி, சிவப்பில் இரண்டு கறுப்புப் பட்டை. ஓட்டை உடைசலாக வாங்கினோம். பெர்னடீன் தன் கையால் துரு சுரண்டினாள். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அதுதான் எங்கள் செல்லம்.

வசந்த மழை வந்து, பனி உருக ரோட்டில் கொட்டும் உப்பைக் கழுவிப் போகும்வரை இந்த வண்டியை நான் வெளியே எடுத்ததே இல்லை. இன்று எடுத்தேன். பீட் கிழங்கு வயல்களுக்கு நடுவே விரிகுடா வரை போகும் நேர் ரோடு. ஒரு ஈ காக்கை இல்லை. மிதித்தேன். அந்த வண்டிக்கு மிதித்தால் போதும், மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும்.

கண்ணை மூடினேன். வேண்டுமென்றேதான் மூடினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தூங்கி வழியும் டிரைவர்களை எழுப்ப ரோட்டோரத்தில் வெட்டியிருக்கும் கோடுகள் சக்கரத்தை உலுக்கியதில் திறந்துவிட்டது. நான் திறக்கவில்லை — அதுவாகத் திறந்தது.

மார்ச் 3

மறுபடி எடுத்தால்? என்னை நான் நம்பவில்லை. அது இந்த வீட்டை விட்டுப் போகட்டும். சீக்கிரம்.

மார்ச் 4, செவ்வாய்

ரூடி வந்தான். ஷெட்டை எட்டிப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

“டேய் லென், சக்கரத்துக்கு மேல என்னடா வெள்ளையா? உப்பு ரோட்டுலயா எடுத்த? மூளை கீளை கழண்டு போச்சா?”

“பேட்டரி செத்துடுமேன்னு ஒரு சுத்து சுத்திட்டு வந்தேன்.”

“பேட்டரிக்காக பாடியை அரிக்க விடுவியா? பறவை எச்சம் போட்டாலே ஒப்பாரி வைக்கிற ஆளுடா நீ!”

வெந்நீர் கொண்டுவந்து, மண்டி போட்டு, அவனே கழுவினான். வார்ப்பட ஆலையில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் நின்றவர்கள் நாங்கள். சொல்லிவிடலாம் என்று தொண்டை வரை வந்தது. அதற்குப் பதிலாக, பெர்னடீனைக் கடைசி நாட்களில் பார்த்துக்கொண்ட இல்லத்துக்கு வண்டியைத் தானமாகக் கொடுக்கப்போகிறேன் என்று வாயில் வந்துவிட்டது. ரூடி துணியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றான். கண் கலங்கியிருந்தது.

“நீ பெரிய மனுஷன்டா.”

பெரிய மனுஷனாம். நானா?

மார்ச் 6, வியாழன்

இல்லத்தை நடத்தும் காலீன் வந்து பார்த்தாள். ஏலத்துக்கு அனுப்பினால் அடிமாட்டு விலைக்குப் போய்விடுமாம். டிக்கெட் அடித்து, ஊர் முழுக்க விற்று, மே மாதம் குலுக்கல் வைக்கலாம் என்றாள். எனக்கு எதுவும் சரி.

“அதுவரைக்கும் வண்டி உங்க ஷெட்டுலயே பத்திரமா இருக்கட்டுமே, லென்?”

“வேண்டாம். உடனே எடுத்துட்டுப் போங்க.”

கத்திவிட்டேன் போலிருக்கிறது. அவள் என் கையைத் தடவினாள். “பார்க்கப் பார்க்க அவங்க ஞாபகம் வரும். புரியுது.” அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

மார்ச் 8

லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தூங்கினேன்.

மார்ச் 21, வெள்ளி

தவக்கால வெள்ளி. கோயில் மண்டபத்தில் மீன் வறுவல் விருந்து. ரூடி விடாப்பிடியாக இழுத்துக்கொண்டு போய்விட்டான். மண்டபத்து முன்கூடத்தில் செவெல் பளபளவென்று நிற்கிறது. பக்கத்தில் மேஜை போட்டு டிக்கெட் விற்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் ஆளாளுக்கு வந்து கட்டிப்பிடித்தார்கள். பியரோகி கொழுக்கட்டை பரிமாறும் பெண்கள் என் தட்டில் மட்டும் குவித்துக் கொட்டினார்கள். புனிதரைப் பார்ப்பது மாதிரிப் பார்க்கிறார்கள். எனக்கோ உடம்பெல்லாம் கூசுகிறது. கையெட்டும் தூரத்திலிருந்து ஒரு பொருளை அப்புறப்படுத்தினேன், அவ்வளவுதான். இதைப் போய் யாரிடம் சொல்ல? சொன்னால் அந்த முகங்கள் என்ன ஆகும்?

ஏப்ரல் 14

நாள் முழுக்க மழை. ஷெட் காலி. தரையில் எண்ணெய்க் கறை மட்டும். உள்ளே போய் நின்றேன், பயமாக இல்லை. சாயங்காலம் முட்டை பொரித்துச் சாப்பிட்டேன். சூடாக. அப்புறம் அவள் இல்லாத நாற்காலியைப் பார்த்ததும் எல்லாம் திரும்ப வந்துவிட்டது. இருந்தாலும் முட்டை சாப்பிட்டேன்.

மே 2

ரூடி டிக்கெட் கட்டோடு அலைகிறான். “நீ மட்டும் வாங்காதடா, காசு தண்டம்” என்று கண்ணடிக்கிறான். எனக்கு எதற்கு?

மே 17, சனி

எழுத முடியுமா தெரியவில்லை. எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

மண்டபத்தில் நிற்க இடமில்லை. பீப்பாயைச் சுழற்றி, காலீன் கையை விட்டு ஒரு சீட்டு எடுத்தாள். படித்தாள். அழ ஆரம்பித்தாள். பிறகு மைக்கில் சொன்னாள் — லெனர்ட் வோய்தஸ். என் பெயர்.

நான் டிக்கெட் வாங்கவே இல்லை. யாரோ தவறிப்போய் எழுதிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஒட்டுமொத்தக் கூட்டமும் எழுந்து நின்று கை தட்டுகிறது. ரூடி ஓடிவந்து என்னைத் தூக்கியே விட்டான்.

“எல்லாரும் எங்க டிக்கெட்டுல உன் பேரைத்தான் எழுதினோம்டா! எல்லாரும்! எந்தச் சீட்டு வந்தாலும் நீதான்! இல்லத்துக்குப் பணமும் ஆச்சு, உனக்கு வண்டியும் ஆச்சு!”

பின்னால் யாரோ ஒரு அம்மா, “பெர்னடீன் மேலேருந்து பார்த்துச் சிரிப்பா” என்றாள்.

அடப்பாவிங்களா. என்னடா பண்ணிட்டீங்க. அதை வெளிய அனுப்ப நான் என்ன பாடு பட்டேன் தெரியுமா உங்களுக்கு? தெரியாது. எப்படித் தெரியும், நான் சொன்னாத்தானே. அன்புல பண்றாங்க. ஒருத்தன்மேலயும் கோபப்பட முடியல. சிரிச்சேன். கை குலுக்கினேன். எல்லாருக்கும் நன்றி சொன்னேன்.

நானே ஓட்டிக்கொண்டு வர வேண்டியதாயிற்று. முன்னும் பின்னும் ஊரிலுள்ள பழைய கார்கள் எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு ஊர்வலமாக வந்தன. பெர்னடீனின் சவ ஊர்வலம்கூட இவ்வளவு மெதுவாகப் போகவில்லை.

மே 18, ஞாயிறு

ஷெட்டைப் பூட்டினேன். பூட்டின சாவியும் என்னிடம்தானே இருக்கிறது.

மே 19

நேர் ரோடு காய்ந்து கிடக்கும் இப்போது. பூட்டைத் திறந்தேன். மூடினேன். திறந்தேன்.

மே 20, செவ்வாய்

காலையில் ரூடி வந்தான். சனிக்கிழமை சாயங்காலம் பெரிய தெருவில் பழைய கார்கள் கூடும் நாள், சேர்ந்து போகலாம் என்று. நான் ஷெட்டில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். என்ஜின் ஓடவில்லை. சாவி போட்டிருந்தது.

“என்னடா, இப்பவே ஊர் சுத்தக் கிளம்பிட்டியா?”

சொல்லிவிட்டேன். எப்படி ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. “ரூடி, மார்ச்சுல உப்பு ரோட்டுல எடுத்தேன்ல, அன்னிக்கு நான் திரும்பி வர்றதுக்காகப் போகல” என்றேன். அவன் முகத்தைப் பார்க்காமல் ஸ்டியரிங்கைப் பார்த்துச் சொன்னேன். கண்ணை மூடியதைச் சொன்னேன். அதனால்தான் தானம் கொடுத்தேன், புண்ணியத்துக்காக இல்லை என்றும் சொன்னேன்.

அவன் என்னிடம் சாவியைக்கூடக் கேட்கவில்லை. பானெட்டைத் திறந்தான். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் மூடியைக் கழற்றி, உள்ளே சுழலும் சின்னத் துண்டை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அது இல்லாமல் வண்டி கிளம்பாது. பானெட்டை மூடினான். அப்புறம்தான் உடைந்துபோய், பம்பரைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

“எழுதுடா எழுதுடான்னு ஒவ்வொருத்தன்கிட்டயும் நான்தானேடா நின்னு எழுத வெச்சேன்.”

“உனக்கு என்ன தெரியும்?”

“நான் கேட்டிருக்கலாம்ல.”

“ஊர்ல சொல்லிடாத, ரூடி.”

“சொல்லல. வண்டி ஸ்டார்ட் ஆகலன்னு சொல்லுவோம். உன் வண்டி ஸ்டார்ட் ஆகலன்னா எவனும் நம்பமாட்டான், அது வேற விஷயம்.” மூக்கைத் துடைத்துக்கொண்டான். “ஆனா டாக்டர்கிட்ட நீயே சொல்லணும். நான் கூட்டிட்டுப் போறேன். இப்பவே போன் பண்ணு, நான் இங்கயே நிக்கிறேன்.”

பண்ணினேன்.

மே 21, புதன்

டாக்டரைப் பார்த்தோம். அவரிடமும் சொன்னேன். இரண்டாம் தடவை சொல்வது ஒன்றும் சுலபமாக இல்லை. அவள் இல்லாத வீடு அப்படியேதான் இருக்கிறது. எதுவும் சரியாகிவிடவில்லை.

நேற்று ரூடி எங்கள் சோபாவிலேயே படுத்துக்கொண்டான். என்ன குறட்டை! வீடே அதிர்ந்தது, என்னால் பொட்டுக்கூடக் கண்ணை மூட முடியவில்லை. காலையில் பூட்ஸைப் போட்டுக்கொண்டே, “இன்னிக்கும் இங்கதான் படுக்கப்போறேன்” என்றான்.

சரி என்றேன்.