டாக்டர் மெர்லின் மீதான என் புகாரை ரத்து செய்யக் கோருதல்

அனுப்புநர்
க. அய்யாத்துரை,
திராட்சை விவசாயி,
ஓடைப்பட்டி.

பெறுநர்
மாவட்ட சுகாதார அலுவலர் அவர்கள்,
தேனி.

பொருள்: அரசு மருத்துவர் மெர்லின் அவர்கள் மீது 02.06.2025 அன்று நான் அளித்த புகார் – தவறு என்னுடையது – ரத்து செய்ய வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மேற்படி புகாரில் மருத்துவரை "நோயாளியின் வேதனை அறியாதவர்" என்று எழுதியவன் நானே.

சித்திரையிலிருந்து என் இடது காதில் மோட்டார் ஓடும் சத்தம். கரண்ட் இல்லாத நேரத்திலும் ஓடியது. அதை நிறுத்த மூன்று முறை தோட்டத்துக்குப் போய்வந்தேன். காது இரைச்சலுக்குப் புது மாத்திரை வந்திருப்பதாகவும், வெளிநாட்டில் முப்பது பேரில் இருபது பேருக்குக் குணமானதாகவும் செய்தித்தாளில் கண்டு, அதை வெட்டி எடுத்துப்போய்க் காட்டினேன். காதைச் சோதித்து, பயப்பட ஒன்றுமில்லை என்ற மருத்துவர், மாத்திரை மட்டும் எழுத மறுத்தார்.

"ஒரே ஒரு ஆய்வுதான் வந்திருக்குண்ணே. வேற ஊருல, வேற டாக்டருக நிறையப் பேருக்குக் குடுத்துப் பாத்தும் அதே மாதிரி கேக்கணும். ஒரு தோட்டத்துல ஒரு தடவ நல்லாக் காய்ச்சிருச்சுனு புது மருந்த உங்க பந்தல்ல அடிச்சிருவீகளா?"

அடிக்க மாட்டேன். நாலு தோட்டம், இரண்டு மகசூல் பார்த்த பிறகே அடிப்பேன். அந்தக் கேள்வியில் இருந்த நியாயமே எனக்கு ஆத்திரமூட்டியதால் புகார் அளித்தேன்.

பக்கத்துத் தோட்டத்துக் குருசாமிக்கும் இதே இரைச்சல். அவர் அந்த மாத்திரையை வெளியில் சொல்லி வரவழைத்து விழுங்கினார். ஒரே மாதத்தில் காது சரியானது. இடையில் வயிறு எரிந்து இரண்டு வாரம் கஞ்சியில் கிடந்தார். அது மாத்திரையால்தானா என்று ஒரே ஒருவரை வைத்துச் சொல்ல எனக்கு இப்போது துணிவில்லை. அன்று துணிவிருந்தது. மருத்துவரிடம் போய், "குருசாமிக்கு மாத்திரை கேட்ருச்சு. இப்ப என்ன சொல்றீக?" என்றேன்.

"நல்லதுண்ணே. உங்க காது எப்படி இருக்கு?"

அப்போதுதான் கவனித்தேன். மூன்று வாரமாக என் காதிலும் சத்தமில்லை. அதைச் சொன்னேன்.

"நீங்க என்ன மாத்திரை போட்டீக?"

மருத்துவர் மீதான கோபத்தைத் தவிர நான் வேறெதையும் உட்கொள்ளவில்லை என்பதைத் தங்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். தானாக அடங்கியதா, மாத்திரையால் அடங்கியதா என்று பிரித்தறியத்தான் சாப்பிட்டவர்களையும் சாப்பிடாதவர்களையும் ஒப்பிட்டு, பல இடங்களில் திரும்பத் திரும்பச் சோதிக்கிறார்கள் என்று அவர் பொறுமையாக விளக்கினார். அவ்வளவு நேரமும் அவர் மேசைமேல் தங்கள் விசாரணைக் கடிதம் கிடந்தது. அதில் புகார்தாரர் என்று என் பெயர் இருந்தது.

வருகிற வியாழக்கிழமை அந்த விசாரணைக்காக அவர் தேனிக்கு வந்து காத்திருந்தால், அன்று காலை இங்கே சீட்டு வாங்கி உட்கார்ந்திருக்கும் அறுபது பேரை யார் பார்ப்பது? ஆகவே அவரை விட்டுவிட்டு என்னை அழைத்து விசாரிக்கும்படி பணிவுடன் வேண்டுகிறேன். முதல் பேருந்திலேயே வந்துவிடுகிறேன்.

இடம்: ஓடைப்பட்டி
நாள்: 18.08.2025

தங்கள் உண்மையுள்ள,
க. அய்யாத்துரை