குளியலறையில் தொங்கும் சிவப்புக் கட்டை

ராஸ்கோ,

உப்புத்தாளைக் கீழே வை. என் துப்பாக்கியின் மரக்கட்டையை மறுபடி தேய்க்காதே. நேற்று நான் கத்தியதும் உண்மைதான். வாதுமைப் பழுப்பு கேட்டேன். நீ பூசிய சாயம் பீட்ரூட்டாக வந்தது. கட்டையின் அடியில் இருக்கும் தகட்டைக் கழற்றி, அது மறைக்கும் இடத்தில் ஒரு துளி பூசிப் பார்த்திருக்கலாம். உனக்குப் பொறுமை ஏது!

ஆனால் காலையில் பல் தேய்க்கும்போது, குளியலறைக் கம்பியில் நீ காயவிட்டிருந்த கட்டையில் வெயில் விழுந்தது. மரத்தின் ரேகையெல்லாம் தணல்போல எழுந்து நின்றது. அப்படியே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

தம்பி ஆர்லன் வந்து எட்டிப் பார்த்தான். "என்னக்கா, மாமா துப்பாக்கிக்கு லிப்ஸ்டிக் போட்டு விட்டிருக்காரா?"

"மானுக்குச் சிவப்பு தெரியாதுடா. உன் வேலையப் பாரு."

மான்கறி அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடு. கட்டைக்கு எண்ணெய் பூசிய துணிகளைச் சுருட்டிப் போடாதே, தானாகத் தீப்பிடிக்கும். வெளியே வேலியில் விரித்துப் போடு.

மார்வா

பி.கு.: குளிக்க ஆர்லன் வீட்டுக்குப் போ. ஈர ஆவி கட்டைக்கு ஆகாது.

இன்னொன்று: சனிக்கிழமை வேட்டை முகாமில் யார் கேட்டாலும், இந்த நிறத்தை நான்தான் கேட்டு வாங்கினேன். நீ வாயைத் திறக்காதே.