உன் விரலை அடிக்கும் காவலாளி

அம்மா, பெரிய செய்தி, உன் விரல் வீக்கத்துக்கு யார் வயிற்றெரிச்சலும் காரணமில்லை, உன் எதிர்ப்புச் சக்தியேதான் ஆள் தெரியாமல் அடிக்கிறது!

வணக்கம் சொல்லவே மறந்துவிட்டேன். நலமா? காலையில் விரல் மடங்குகிறதா? அப்பா எப்படி? நான் சுகம்.

நேற்று எங்கள் கிடங்கு வாசலில் ஒரு கூத்து. இங்கே புதுக் காவலாளிக்கு முதலில் எங்கள் முகங்களைக் காட்டிப் பழக்குவார்கள். எங்களையே பிடிக்கிறவனுக்கு வேலை கிடையாது. அந்தச் சோதனையிலும் தப்பி வேலைக்கு வந்துவிட்ட ஒருவன் என் கையை முறுக்கிவிட்டான். லேசாகத்தான், பதறாதே. சூப்பர்வைசர் அக்கா ஓடி வந்தார். “நம்ம பொண்ணுடா, விடு! பெட்டி தூக்க வந்தவளையே தூக்கிட்டுப் போறியா?”

அறைக்கு வந்து உன் விரல் நோயைப் பற்றி வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். உடம்பிலும் இதே கதைதான் அம்மா! கிருமியை அடிக்கும் செல்களை உடம்பு முதலில் சோதிக்கிறது. சொந்த உடம்பையே அடிப்பவற்றில் பெரும்பாலானவற்றை அங்கேயே அழித்துவிடுகிறது. தப்பியவற்றை அடக்க, அந்த அக்கா மாதிரி வேறு செல்கள் உண்டு. உன் உடம்பில் அவை அடக்குவது போதவில்லை. வேலியே பயிரை மேய்கிறது.

டாக்டர் உனக்குக் கொடுத்த மாத்திரை அந்த அடிதடியைத்தான் தணிக்கிறது. “எதிர்ப்புச் சக்தி குறைஞ்சிடும்க்கா” என்று சித்தி சொன்னதற்காக நிறுத்திவிட்டாயாமே! விரல் கோணிப்போனால் நிமிராது அம்மா. நாளைக்கே டாக்டரிடம் போ, நிறுத்தியதை மறைக்காமல் சொல்.

உன் பழைய போர்வையை அனுப்பு. துவைக்காமல் அனுப்பு.

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது. இதைக் குடும்பக் குரூப்பில் போடு, முதலில் சித்தி படிக்கட்டும். டாக்டர் சொன்னதை உடனே எனக்கு எழுது.