பூட்டிய பிஸ்கட் டப்பா

குட்டி,

பன்னிரண்டு வருடமாக நீ வராத வீட்டில் பீரோவை ஒழித்தபோது உன் சர்க்கரை அளவைக் குறித்த பழைய நோட்டு கிடைத்தது. நாம் பகிர்ந்த ஒற்றைக் கட்டிலும், இன்சுலின் ஊசி தொடும் முன்பே “ஐயோ, போலீஸ் அக்கா!” என்று நீ அலறுவதும் நினைவுக்கு வந்தன.

சில நாட்களில் சர்க்கரை எகிறியிருக்கிறது. அங்கெல்லாம் என் கையெழுத்தில் ‘திருட்டுத் தீனி’. “சத்தியமா நான் திங்கலக்கா” என்று நீ அழ அழ பிஸ்கட் டப்பாவைப் பூட்டினேன்.

உன் மாதவிலக்குத் தேதிகளையும் அதே நோட்டில் நான்தான் குறித்திருக்கிறேன். ஒவ்வொரு ‘திருட்டும்’ அதற்கு மூன்று நாள் முன்னால்.

இப்போது என் மகளுக்கும் இன்சுலின். டாக்டர் சாதாரணமாகச் சொன்னார்: “பீரியட்ஸுக்கு முன்னாடி சுகர் ஏறத்தான்மா செய்யும்.”

டப்பாவின் பூட்டை உடைத்துவிட்டேன். ஒருநாள் வாடி. இந்தத் தடவை நிஜமாகவே திருடித் தின்.

போலீஸ் வேலையை விட்ட
உன் அக்கா