மூடியில் இருந்த பெயர்

அன்புச் சிட்டுவுக்கு,

அம்மா ஆசிகளோடு எழுதுவது. அப்பாவும் நானும் சுகம்தான். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு நல்லபடியாக இருக்கிறீர்கள் என்றே மனதைத் தேற்றிக்கொண்டிருக்கிறேன். போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வார்த்தைக்கு வார்த்தை திருத்துவார், கதை பாதியில் நின்றுவிடும், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

நம் கூடத்துப் பியானோ விஷயம்தான். தாத்தா போனபிறகு சாமான்களைப் பிரித்தபோது மூத்தவர் என்று அப்பா அதை எடுத்துக்கொண்டதும், அன்றைக்கு வாசலைத் தாண்டிப் போன அத்தை அப்புறம் நம் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் வராததும் உனக்குத் தெரியும். மூடியில் பொன்னெழுத்தில் இருந்த பெயர்தான் எல்லாவற்றுக்கும் காரணம். அந்தக் கம்பெனிப் பியானோ என்றால் ஒரு வீடே வாங்கலாம் என்று யாரோ கொளுத்திப் போட்டார்கள். தங்கைக்குப் பணத்தாசை என்று இவரும், அண்ணன் விலை தெரிந்துதான் அமுக்கிக்கொண்டார் என்று அவளும் இத்தனை வருடம் வீம்பு பிடித்தார்கள். பியானோ என்னவோ நான் இஸ்திரித் துணி அடுக்கத்தான் உதவியது.

போன மாதம் கூடத்துக்குப் பெயின்ட் அடிக்கலாம் என்று பார்த்தால் அதை நகர்த்தவே ஆள் கிடைக்கவில்லை. அப்பா ஒருநாள் திடீரென்று, “வித்துடலாம், வர்றதுல பாதியை அவகிட்ட குடுத்துடறேன், அப்பவாவது வாயைத் திறக்கிறாளான்னு பாப்போம்” என்றார். விற்பதற்கு முதலில் மதிப்புத் தெரிய வேண்டுமே, அதற்காகப் பியானோ பழுதுபார்க்கும் ஒரு பெண்ணை வரவழைத்தோம். மேல் மூடியைத் திறந்து டார்ச் அடித்தாள், கீழ்ப் பலகையைக் கழற்றினாள். உள்ளேயிருந்து உன் பள்ளிக்கூட ஸ்கேலும் நான் வீடெல்லாம் தேடிய கத்தரிக்கோலும் வந்து விழுந்தன, எனக்கு மானமே போயிற்று. இரும்புச் சட்டத்தில் இருந்த எண்ணைத் துடைத்துப் படித்துவிட்டு, அந்தப் பெரிய கம்பெனி போட்ட எண் வரிசையில் இது எங்கேயும் சேரவில்லை என்றாள். பிறகு இடது ஓரத்து முதல் கட்டையை உருவி, அதன் பக்கவாட்டில் குத்தியிருந்த முத்திரையைக் காட்டினாள். வேறு பெயர், நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. “மூடியில இருக்கறது பின்னாடி யாரோ ஒட்டின எழுத்துங்க, நல்ல விலைக்குத் தள்ளிவிடறதுக்காக அப்படிச் செஞ்சிருப்பாங்க” என்றாள். உண்மையில் செய்தது ஏதோ சின்னப் பட்டறையாம், அவளே அந்தப் பெயரில் இதற்குமுன் ஒன்றைத்தான் பார்த்திருக்கிறாளாம். அப்பா விலை கேட்டார். தூக்கிப்போகும் வண்டிக் கூலிக்குச் சரியாக இருக்கும் என்றவள், இவர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, “ஆனா உள்பலகையில ஒரு கீறல் இல்லைங்க, மனசுவச்சு செஞ்சிருக்காங்க, சுருதி சேத்தா நல்லாப் பாடும்” என்றாள்.

அவள் போனதும் அப்பா ஜன்னல் பக்கம் நின்றுகொண்டே இருந்தார். அப்புறம் தானே போனை எடுத்து அத்தைக்கு அடித்தார் சிட்டு, நான் கைவேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தேன். காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில்தான் பேசுவார். நலம் விசாரிப்பு ஒன்றுமில்லை, எடுத்த எடுப்பில், “அது அந்தக் கம்பெனி இல்லியாம், ஒண்ணும் பெறாதாம்” என்றார். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, “அப்ப எனக்குக் குடுத்துடேன்” என்றாள். ஒன்றும் பெறாது என்கிறேன், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்று இவர் கேட்டதற்கு, “வாசிப்பேண்ணா” என்றாள். தாத்தா வீட்டில் அதை வாசித்தவளே அவள் ஒருத்திதான், விலைப் பேச்சில் அது எல்லோருக்கும் மறந்தே போயிருந்தது.

மறுவாரமே வண்டி வைத்து அனுப்பினோம். அந்தப் பெண்ணே அங்கேயும் போய்ச் சுருதி சேர்த்துக் கொடுத்தாள். மூடியில் இருந்த எழுத்தை அத்தை தன் கையாலேயே சுரண்டி எடுத்துவிட்டாள். விரல் மடங்கவில்லை என்று புலம்பிக்கொண்டே தினமும் உட்காருகிறாளாம். அப்பா மாலையில் காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்புகிறார், அந்தக் கால் எங்கே போய் ஆறுகிறது என்று எனக்குத் தெரியாதா. கேட்டால், “சுருதி நிக்குதான்னு பாத்துட்டு வந்தேன்” என்கிறார், சுருதிக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம். நேற்று அவள் தப்பாக வாசித்தாள் என்று இவர் சொல்ல, வாயை மூடிக்கொண்டு கேள் என்று அவள் சொல்ல, முகம் முழுக்கச் சிரிப்போடு வந்து என்னிடம் புகார் சொல்கிறார்.

பல்வலியைத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டு. வேலை வேலை என்று ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிடாதே. நீங்கள் இருவரும் மனம் ஒத்து, எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழவேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே, அத்தை உன்னை விசாரித்தாள். நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், நீயே கூப்பிடு. எடுத்ததும் சட்டென்று பேசமாட்டாள், அது கோபம் இல்லை. வைத்துவிடாதே, பேசுவாள்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா